வீட்டு பீர் மேடைக்குச் சொட்டுத்தட்டு: வடசென்னையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொட்டுத்தட்டு என்பது என்ன?

குழாயிலிருந்தோ குப்பியிலிருந்தோ கோப்பையிலிருந்தோ சிந்துவதை ஏந்திக்கொள்ளும் ஆழமில்லாத தட்டு. மேலே துளையிட்ட தகடு ஒன்று இருக்கும். கோப்பை அதன் மேல் உட்காரும், ஈரம் கீழே இறங்கிவிடும். மதுக்கூடங்களில் பீர் குழாய்க்கு அடியில் பார்த்திருப்பீர்கள். கடையில் டிரிப் ட்ரே என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அதை வீட்டிலேயே செய்வது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு.

ஒரு துண்டை விரித்துவிட்டால் போதாதா?

டெல்லியில் குளிர்காலத்தில் போதும். ராயபுரத்தில் எந்த மாதத்திலும் போதாது.

காற்றை எந்த வெப்பநிலைக்குக் குளிரவைத்தால் அதிலுள்ள ஈரம் நீராக மாறத் தொடங்குமோ, அதைப் பனிநிலை என்கிறார்கள். சென்னையில் ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் அது 22 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குப்பி 5 டிகிரியில் இருக்கிறது. மேசைமேல் வைத்த உடனேயே அதன் உடம்பெல்லாம் நீர் கோக்கும். மின்விசிறி சுற்றினால் ஈரக்காற்று புதிது புதிதாக வந்து மோதி இன்னும் அதிகமாகக் கோக்கும். 3 லிட்டர் பிடிக்கும் மேசைக் கோபுரம், அதாவது குழாய் பொருத்திய உயரமான பிளாஸ்டிக் உருளை, நடுவில் பனிக்கட்டிக் குழலோடு நின்றால் கேட்கவே வேண்டாம். ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் ஊற்றத் தெரிந்தவர் வீட்டிலும் ஒரு மாலைப் பொழுதில் மேசை நனைந்துவிடும்.

வெளிநாட்டு வழிகாட்டிகள் பெரும்பாலும் நுரையையும் குழாய்ச் சொட்டையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றில் தட்டு தட்டையாக இருக்கும், வடிகால் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கும். நமக்கு முதல் பகை குளிர்ந்த கண்ணாடியின் வியர்வை. ஆகவே சரிவும் வடிகாலும் இங்கே ஆடம்பரம் அல்ல. இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் அளவுகள் எல்லாம் இந்த எண்ணத்திலிருந்து பிறந்தவை.

வீட்டில் பீர் மேடை வைப்பது சட்டப்படி சரியா?

தமிழ்நாட்டில் மது அருந்த 21 வயது நிறைந்திருக்க வேண்டும். கடையில் வாங்கியதை வீட்டில் வைத்துக்கொள்ள அளவு வரம்பு உண்டு. பீரை வீட்டிலேயே காய்ச்சுவது 1937 ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின்படி குற்றம். 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் இருப்பதால், பெரிய பீப்பாய் வாங்கி வீட்டில் குழாய் பொருத்தும் வழக்கம் இங்கே இல்லை. 650 மில்லிக் குப்பியும், 500 மில்லி கேனும், அவற்றை ஊற்றிப் பரிமாறும் மேசைக் கோபுரமும்தான் நம் நிலவரம். தட்டுக்கு எந்தச் சட்டமும் இல்லை.

எங்கள் வீட்டில் யாரும் பீர் தொடுவதில்லை. இதனால் எங்களுக்கு என்ன பயன்?

20 லிட்டர் தண்ணீர் கேனுக்கு அடியில் வையுங்கள். அந்தக் குழாய் சொட்டாத வீடு எது? மோர்ப் பானை, பன்னீர் சோடா, சர்பத் மேசை எல்லாவற்றுக்கும் இதே தட்டு, இதே அளவு.

என்ன அளவில் செய்வது?

உள்ளளவு 45 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. ஆழம். இதில் மூன்று நான்கு கோப்பைகள் வரிசையாக நிற்கும். விளிம்பு வரை சுமார் 1.7 லிட்டர் கொள்ளும் என்றாலும், தட்டைச் சாய்த்துப் பொருத்தப் போவதால் உண்மையில் அதைவிடக் குறைவுதான். எப்படியும் ஒரு முழுக் குப்பி கவிழ்ந்தால் தாங்க வேண்டும். அதுதான் சோதனை. சொட்டுகளைக் கணக்கிட்டு ஆழத்தை 1 செ.மீ. ஆகக் குறைத்துவிட்டு, விருந்தினர் கை தட்டிய அன்று தரையைத் துடைப்பவர்கள் உண்டு.

மேசைக் கோபுரம் வைத்திருந்தால் அதன் அடிப்பாகமும் தட்டுக்குள் வர வேண்டும். கோபுரம் உட்காரும் இடத்தையும், குழாய் நீட்டிக்கொண்டிருக்கும் தூரத்தையும் அளந்துகொண்டு அகலத்தைக் கூட்டுங்கள். குழாய்க்கு மட்டும் தட்டு வைத்து, வியர்க்கும் கோபுரத்தை வெளியே விடுவதில் பயன் இல்லை. குழாயின் வாய்க்கும் துளைத்தகட்டுக்கும் நடுவில் உங்களிடமுள்ள மிக உயரமான கோப்பை சாய்த்துப் பிடித்தபடி நுழைய இடம் வேண்டும். கோபுரத்தின் குழாய் தாழ்வாக இருந்தால் அதை மேசையின் ஓரத்துக்குக் கொண்டுவந்து, தட்டை ஒரு படி கீழே தாங்குசட்டத்தில் பொருத்துவதே வழி.

எந்த உலோகம்?

எவர்சில்வர். ஆனால் எல்லா எவர்சில்வரும் ஒன்றல்ல. இந்த விஷயத்தில்தான் பணம் வீணாகிறது.

304 என்ற ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. 202 இல் நிக்கலின் பாதியை எடுத்துவிட்டு மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். விலை குறையும், துருவை எதிர்க்கும் திறனும் குறையும். ஜே4 என்று சந்தையில் புழங்கும் ரகத்தில் நிக்கல் 1 சதவீத அளவுதான். 430 இல் நிக்கலே இல்லை. பளபளப்பில் நான்கும் உடன்பிறந்தவை போலத்தான் தெரியும்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலைப் பார்த்த வீடுகளில் காற்றோடு உப்பு வருகிறது. உப்பிலுள்ள குளோரைடு எவர்சில்வரின் மேலுள்ள மெல்லிய காப்புப் படலத்தைக் குத்திக் குத்திப் புள்ளித் துரு உண்டாக்கும். 202 இல் அது சீக்கிரம் தெரியும். 316 ரகத்தில் 2 சதவீதத்துக்கு மேல் மாலிப்டினம் சேர்ப்பதே இதைத் தடுக்கத்தான். ஆனாலும் வீட்டுக்குள்ளே, வாரம் சில முறை கழுவப்படும் தட்டுக்கு 304 தாராளம். மொட்டை மாடியில் திறந்தவெளி மேடை போட்டிருக்கிறீர்கள், எதிரே அலை தெரிகிறது என்றால் மட்டும் 316 பற்றி யோசியுங்கள்.

தடிமன் 20 கேஜ், அதாவது ஏறக்குறைய 0.9 மி.மீ. மேலே சொன்ன அளவுக்கு, சுற்றி 1 செ.மீ. மடிப்பு விளிம்பையும் சேர்த்தால், 52 × 22 செ.மீ. தகடு வேண்டும். எடை சுமார் 800 கிராம். தகடு கிலோ கணக்கில் விற்கப்படுவதால் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. 22 கேஜ் கையால் மடிக்க எளிது, ஆனால் நடுவில் அமுங்கி ஒலி எழுப்பும். 18 கேஜ் வீட்டுத் தட்டுக்கு வீண் கனம்.

காந்தம் ஒட்டாவிட்டால் அது 304 தானே?

இல்லை. காந்தம் 430 ஐக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். 202 இலும் காந்தம் ஒட்டாது. எதிர்ப்பக்கமாகவும் ஏமாறலாம்: நல்ல 304 தகட்டையே மடித்த இடத்தில் காந்தம் லேசாக இழுக்கும். குளிர்நிலையில் வளைக்கும்போது உலோகத்தின் உள்ளமைப்பு கொஞ்சம் மாறுவதுதான் காரணம். அதைக் கண்டு கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

சோதனைத் திரவமும் 9 வோல்ட் பேட்டரியும் வைத்துப் பார்ப்பதே பழைய உலோக வியாபாரிகளின் வழக்கம். மாங்கனீசு மிகுந்த ரகத்தில் சொட்டு சிவக்கும். கட்பீஸ், அதாவது பெரிய தகட்டில் வெட்டி மிஞ்சிய துண்டு, வாங்கும்போது இதைச் செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். தயங்குகிற கடையை விட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

தகடு எங்கே வாங்குவது, யாரிடம் செய்விப்பது?

ஒரு தட்டுக்கு முழுத் தகடு வாங்குவது அறிவீனம். மண்ணடியிலும் செம்புதாஸ் தெருப் பக்கத்திலும் இரும்பு, உலோகக் கடைகளில் கட்பீஸ் கேட்டுப் பாருங்கள். சாத்தாங்காடு இரும்பு எஃகுச் சந்தை டன் கணக்கில் வாங்குபவர்களுக்கு உரியது. அங்கே 800 கிராம் கேட்டு நிற்பது சங்கடம்.

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் எவர்சில்வர்ப் பாத்திரப் பட்டறைகளில் வேலை கற்றவர்கள் இருக்கிறார்கள். தகடு வெட்டி, மடித்து, மூலையை ஆர்கான் வெல்டிங் வைத்து, பாலிஷ் போட்டுக் கொடுப்பது அவர்களுக்குச் சிறிய வேலை. சிறிய வேலை என்பதாலேயே தள்ளிப்போடுவார்கள். வாயால் விளக்குவதைவிட, தடித்த அட்டையில் தட்டை அசல் அளவில் வெட்டி மடித்து எடுத்துப் போங்கள். அட்டை மாதிரியைப் பார்த்ததும் கேள்வி குறையும், அளவுத் தவறும் குறையும். பெரம்பூரில் இருப்பவர்கள் தெருவிலேயே விசாரிக்கலாம். 1955 முதல் இயங்கும் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் தகட்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் அங்கே உண்டு. வேலை செய்து தராவிட்டாலும் உங்கள் அட்டையைப் பார்த்து ஒரு திருத்தமாவது சொல்வார்கள்.

பட்டறையில் இரண்டு விஷயங்களை வலியுறுத்துங்கள். முதலாவது, இரும்பு அறுத்த கிரைண்டர் வட்டை உங்கள் தகட்டின் மேல் ஓட்டக் கூடாது. அதில் ஒட்டியிருக்கும் இரும்புத்துகள் எவர்சில்வரில் பதிந்து, சில நாளில் துருப்பிடித்து, பழி தகட்டின் மேல் விழும். இரண்டாவது, வெல்டிங் வைத்த இடத்தில் ஓடும் நீல, பழுப்பு நிறத்தை முழுவதும் நீக்கித் தர வேண்டும். நிறம் மாறிய அந்த இடத்தில் காப்புப் படலம் பலவீனமாக இருக்கும். அதை நீக்கும் பசையில் கடுமையான அமிலங்கள் உண்டு. வீட்டுக்கு வாங்கி வந்து நீங்களே பூச நினைக்காதீர்கள்.

வெல்டிங் இல்லாமல் வீட்டிலேயே முடிக்க முடியாதா?

முடியும். எளிதான வழி, தட்டைச் செய்யாமலே இருப்பது. ஓட்டல் சாமான் கடைகளில் ஜி.என். பேன் என்று எவர்சில்வர்த் தட்டுகள் விற்கின்றன. உணவு மேடைகளில் பொரியலும் கூட்டும் வைத்திருப்பது இவற்றில்தான். உலகம் முழுவதும் ஒரே அளவு: முழுத் தட்டு 530 × 325 மி.மீ., மூன்றில் ஒரு பங்கு 325 × 176 மி.மீ., நீளவாக்கில் பாதி 530 × 162 மி.மீ. இந்த நீளத் தட்டு நம் வேலைக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தும். ஆழம் குறைந்த ரகமாகக் கேளுங்கள். ஒரே தகட்டில் அழுத்தி எடுத்தது என்பதால் மூலையில் இணைப்பே இல்லை. கசிவு என்ற பேச்சுக்கு இடமில்லை. வடிகாலுக்கு ஓட்டை மட்டும் போட்டால் போதும்.

என் கையால் மடித்தே தீருவேன் என்பவர்கள் 22 கேஜ் எடுங்கள். மூலைகளை வெட்டாமல், காகிதத்தில் பெட்டி மடிப்பதுபோல் மடித்து பக்கச் சுவரின் மேல் படியவைத்தால் தண்ணீர் மூலை வழியாக வெளியேற வழி இராது. இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவில் தகட்டை இறுக்கிப் பிடித்து, மரச் சுத்தியலால் கோடு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி வளைக்க வேண்டும். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் கோடு கோணும். கையுறை இல்லாமல் வெட்டிய தகட்டைத் தொடாதீர்கள். முதலில் அரத்தால் எல்லா ஓரத்தையும் மழுக்கிவிடுங்கள்.

ஓட்டை போடும்போது துளையிடும் அலகு மழுங்கிவிடுகிறதே?

வேகம் அதிகம். 304 உரசி உரசிச் சூடேறினால் அந்த இடமே கெட்டிப்பட்டுவிடும், பிறகு எந்த அலகும் இறங்காது. குறைந்த வேகம், விடாத அழுத்தம், கொஞ்சம் எண்ணெய். அலகு சும்மா சுழன்றுகொண்டிருக்க விடக் கூடாது. சுருள் சுருளாக உலோகம் வந்தால் சரியாகப் போகிறது என்று பொருள்.

மேலே வைக்கும் துளைத்தகட்டுக்கு என்ன செய்வது?

5 மி.மீ. துளை, துளை நடுவுக்கும் அடுத்த துளை நடுவுக்கும் 8 மி.மீ. இடைவெளி, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தள்ளி அமைந்த வரிசை. இப்படி இருந்தால் பரப்பில் சுமார் 35 சதவீதம் திறப்பாக இருக்கும். நுரை தேங்காது, கோப்பையும் ஆடாது. 10 மி.மீ. துளைக்கு மேல் போனால் காம்புள்ள சிறிய கோப்பைகள் தடுமாறும். தகட்டைக் கழற்றி எடுக்க விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓரத்தில் வெட்டு விடுங்கள். ஈரத் தகட்டை நகத்தால் நெம்பி எடுப்பது எரிச்சலான காரியம்.

சரிவும் வடிகுழாயும் எப்படி?

50 க்கு 1 என்ற சரிவு வையுங்கள். 45 செ.மீ. நீளத்துக்கு அது 9 மி.மீ. தட்டின் அடியை வளைக்க வேண்டியதில்லை. தட்டு முழுவதையும் ஒரு பக்கம் 9 மி.மீ. தாழ்த்தி மரச்சட்டத்துக்குள் உட்காரவையுங்கள். சாய்வு வெளியே தெரியாது. துளைத்தகடு மட்டம் மாறாமல் நிற்க, அதன் கால்களை மேட்டுப் பக்கம் 10 மி.மீ., தாழ்ந்த பக்கம் 19 மி.மீ. ஆக வையுங்கள். கால்களுக்கு நைலான் புஷ், அதாவது சிறிய நைலான் உருளைத் துண்டு, போதும்.

தாழ்ந்த மூலையில் வடிகால். கைகழுவும் தொட்டிக்குப் போடும் 32 மி.மீ. வேஸ்ட் கப்ளிங் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். அதில் ஒரு தொல்லை: அதன் உதடு தட்டின் அடியிலிருந்து 2, 3 மி.மீ. உயர்ந்து நிற்கும், அந்த உயரத்துக்குத் தண்ணீர் எப்போதும் தேங்கும். ஓட்டையைச் சுற்றிய பகுதியைக் கீழே குழி வெட்டிய மரக்கட்டை ஒன்றை வைத்து மெல்லத் தட்டித் தாழ்த்திவிட்டால் உதடு அதற்குள் அடங்கும். பட்டறையில் செய்விப்பவர்கள் கப்ளிங்கையே தவிர்த்து, முக்கால் அங்குல எவர்சில்வர்க் குழாய்த் துண்டை அடியிலிருந்து வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். அதில் ஏ.சி.க்குப் போடும் வடிநீர்க் குழாயைச் செருகி, கிளிப் போட்டு இறுக்கினால் முடிந்தது. குழாய் போகும் வழியில் மின்செருகி இருக்கக் கூடாது.

குழாயின் மறுமுனையை எங்கே விடுவது? கழிவுநீர்க் குழாயில் நேரடியாக இணைக்காதீர்கள் என்பதே என் அழுத்தமான கருத்து. நீர் நிற்கும் வளைவு இல்லாமல் இணைத்தால் நாற்றமும் கரப்பானும் குழாய் வழியே மேடைக்கு வரும். வளைவு வைத்தாலும், தாழ்வான தெருக்களில் தரைத்தள வீடாக இருந்தால் வடகிழக்குப் பருவமழையில் கழிவுநீர் எதிர்த்து ஏறக்கூடும். அப்போது உங்கள் பீர் மேடையும் அதற்கு ஒரு வாசல். மேடைக்கு அடியில் 5 லிட்டர் கேன் ஒன்றை வைத்து அதில் விடுங்கள். மூடியில் குழாய் நுழையும் அளவுக்கு மட்டும் ஓட்டை போடுங்கள். பழ ஈ உள்ளே போகாது. காற்று வெளியேற ஒரு ஊசித்துளை போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் இறங்க மறுக்கும்.

கொசு வருமா?

விட்டால் வரும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய சிறிதளவு தண்ணீரையும் விடாது. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். மாநகராட்சிப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்தால் குளிர்பெட்டிக்குப் பின்னாலுள்ள தட்டை எட்டிப் பார்ப்பது இதற்காகத்தான். நினைத்துப் பார்த்தால் அதுவும் ஒரு சொட்டுத்தட்டு. கம்ப்ரஸர் சூட்டில் நீர் ஆவியாகும் என்று நம்பி வைத்தது. மேடைத் தட்டையும் கேனையும் பயன்படுத்திய அன்றே கவிழ்த்துவிடுங்கள். ஊருக்குப் போவதென்றால் தட்டைத் துடைத்து, துளைத்தகட்டைக் கழற்றி நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள்.

மேடை கடப்பைக் கல். அதன்மேல் சிந்தினால் என்ன?

கல் மங்கும். கடப்பைக் கல் சுண்ணாம்புக் கல் வகை. அமிலம் அதை அரிக்கும். பீரின் அமிலத்தன்மை பி.எச். 4 ஐ ஒட்டியது, எலுமிச்சைச் சாறு அதைவிடக் கடுமை. கோப்பை அளவுக்கு வெளிறிய வளையங்கள் விழுந்துவிட்டால் துடைத்துப் போக்க முடியாது, மீண்டும் மெருகேற்ற வேண்டும். கிரானைட்டுக்கு இந்தக் கவலை இல்லை. பிளைவுட் மேடை என்றால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் ரகமாக இருக்கட்டும். தட்டுக்காக வெட்டிய ஓரங்களை வார்னிஷால் அடைத்துவிடுங்கள். தண்ணீர் நுழைவது அந்த ஓரம் வழியாகத்தான்.

வாடகை வீடு. உரிமையாளர் ஓட்டை போட விடமாட்டார்.

மரச்சட்டத்தில் தட்டைப் பொருத்தி மேசை மேலேயே வையுங்கள். சட்டத்தின் உயரம் 6 செ.மீ. இருந்தால் வடிகுழாயைப் பக்கவாட்டில் எடுத்து மேசை ஓரம் வழியாகக் கீழே விடலாம். வீடு மாறும்போது கூடவே எடுத்துப் போகலாம்.

பித்தளை, செம்பு அழகாக இருக்குமே?

இருக்கும். வாராவாரம் புளி போட்டுத் தேய்க்க ஆள் இருந்தால் செய்யுங்கள். அமிலப் பானம் பட்டுப் பச்சைக் களிம்பு பிடிக்கும்.

தட்டில் சேர்ந்ததை ஏதாவது செய்யலாமா?

கொட்டிவிடுங்கள். குடிக்கவும் வேண்டாம், செடிக்கு ஊற்றி எறும்பு வளர்க்கவும் வேண்டாம்.

எப்படிக் கழுவுவது?

வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, மென்மையான நார். பீரில் உள்ள சர்க்கரையும் புரதமும் காய்ந்தால் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கே கழுவினால் விரல் பட்டதும் போய்விடும். வெள்ளைப் படிவு சேர்ந்தால் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம், சமையல் உப்பு அல்ல) தண்ணீரில் கரைத்து ஊற்றிச் சற்று நேரம் விட்டுக் கழுவுங்கள். நைனியப்ப நாயக்கன் தெருவில் அது எடைக்குக் கிடைக்கும்.

குளியலறைக்கு வைத்திருக்கும் ஆசிட்டைத் தொடவே தொடாதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கடற்காற்று ஆண்டுக்கணக்கில் செய்வதை அது ஒரு பிற்பகலில் செய்துவிடும். பிளீச்சிங் பவுடரும் தகட்டுக்கு அதே கேட்டைச் செய்யும். இரும்பு நாரால் தேய்த்தால் அதன் துகள் தட்டில் தங்கித் துருவாகும்.

துருப் புள்ளி வந்தே விட்டது. தட்டு போனதா?

பெரும்பாலும் இல்லை. முதலில் எலுமிச்சை உப்புக் கரைசலால் துடைத்துப் பாருங்கள். போய்விட்டு மறுபடி வரவில்லை என்றால் அது மேலே ஒட்டிய இரும்புத்துகள் அல்லது உப்புக்காற்றின் பழுப்புக் கறை. அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்து, நகத்தால் தடவினால் குழி தட்டுப்பட்டால், தகடு 202 ஆகவோ அதற்கும் கீழாகவோ இருக்கலாம். அந்தத் தட்டைப் பூச்செடித் தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, அடுத்ததற்குத் தகடு வாங்கும்போது சோதனைத் திரவத்தோடு போங்கள்.